வாசகர் கேள்வி: 911 டிஸ்பாட்சர் எக்ஸாமுக்கு என்ன படிக்கணும் அக்கா?

கேள்வி: அக்கா, நான் நியூயார்க் ஸ்டேட்ல, சிட்டியிலேர்ந்து நாலு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கேன். வயசு 35. கல்யாணம் ஆகி இங்க வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, பசங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு போறாங்க. சென்னையில நாலு வருஷம் பிபிஓல நைட் ஷிப்ட் பாத்திருக்கேன். எங்க கவுண்டியில 911 எமர்ஜென்சி நம்பருக்கு வர்ற போன எடுத்து போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ அனுப்பற டிஸ்பாட்சர் வேலைக்கு சிவில் சர்வீஸ் எக்ஸாம் (இங்க அரசாங்க வேலைக்கு வைக்கிற எக்ஸாம், ஐஏஎஸ் இல்ல) வருது, இன்னும் ஒன்பது வாரம் இருக்கு. மூணு புக் வாங்கி வெச்சிருக்கேன், எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல. என் ஆக்சென்ட்ட வெச்சே கழிச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. வீட்டுக்காரர் "எதுக்கு இந்த டென்ஷன், பேசாம கிளார்க் எக்ஸாம் எழுது"ங்கறார். எதிர்ல யாராவது சாகக் கிடக்கும்போது நான் போன்லயே அழுதுடுவேனோன்னும் தோணுது. என்ன படிக்கணும்னு சொல்லுங்க.

பதில்: என்ன படிக்கணும்னு ஆரம்பிச்சு அதுலயே முடிச்சிருக்கீங்க, நம்ம ஊர்ல எக்ஸாம்னாலே புக்கத் தூக்கிட்டு உக்கார்றதுதானே. நானும் அப்படித்தான் பதினாலு வருஷம் முன்னாடி ஒரு குண்டு புக்க வாங்கி மஞ்சள் ஹைலைட்டர் போட்டு போட்டு படிச்சேன், அதுல பாதி எக்ஸாம் பக்கமே வரல. இந்த எக்ஸாம்ல மனப்பாடத்துக்கு வேலையே இல்லம்மா. 911 எப்ப ஆரம்பிச்சதுன்னு யாரும் கேக்கப் போறதில்ல (1968, பிப்ரவரி 16, அலபாமால ஹேலிவில்னு ஒரு சின்ன ஊர், தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஆனா மார்க் கிடையாது). போலீஸ் சட்டம் கேக்க மாட்டாங்க, மருத்துவம் கேக்க மாட்டாங்க, அதெல்லாம் வேலைக்கு எடுத்தப்புறம் அவங்களே சொல்லிக் குடுப்பாங்க. எக்ஸாம் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், காதுல விழுந்தத விழுந்தபடி, கண்ணுல பட்டத பட்டபடி, நீங்களா எதையும் சேக்காம எடுத்து வைக்க முடியுதான்னு.

சொல்றதுக்கு ஈஸியா இருக்கு, ஆனா நமக்கு இதுதான் கஷ்டம். நாம பாதி கேட்ட உடனே மீதிய நாமளே முடிச்சிடுவோம். நான் ட்ரெயினிங்ல இருந்தப்ப ஒரு நாள் சாயங்காலம் ஒரு பொண்ணு கால் பண்ணுது, அடுப்புல எண்ணெய் பத்திக்கிச்சு, பின்னாடி ஸ்மோக் அலாரம் கத்துது, அட்ரஸ் கேட்டா ஒரு நம்பர் சொல்லி "பார்க்"னு சொல்லுச்சு, அதுக்கப்புறம் சொன்னது அந்த அலாரம் சத்தத்துல அமுங்கிடுச்சு, என் கை தானா பார்க் அவென்யூன்னு டைப் பண்ணிடுச்சு. ஏன்னா நான் தினம் கார்ல போற ரோடு அது, பார்க்னு கேட்டாலே எனக்கு அவென்யூதான். அந்தப் பொண்ணு சொன்னது பார்க் ப்ளேஸ். பக்கத்துல உக்காந்திருந்த என் ட்ரெயினர் ஹெட்செட்ல கேட்டுட்டே இருந்தவங்க, சட்டுனு என் தோள்ல தட்டி "திரும்பக் கேளு"ன்னாங்க, கேட்டேன், மாத்தினேன், ஆனா வண்டி அதுக்குள்ள எதிர்ப்பக்கம் கிளம்பிடுச்சு. ரெண்டு நிமிஷம் போச்சு. நல்ல வேளை அந்தப் பொண்ணு பாத்திரத்து மேல மூடியப் போட்டு அடுப்ப அணைச்சிருந்துச்சு, ஒண்ணும் ஆகல. அன்னைக்கு நைட்டு எனக்கு தூக்கமே வரல. தெரியாததால நடந்த தப்பு இல்ல பாருங்க அது, தெரிஞ்ச ரோடா இருந்ததால நடந்த தப்பு.

இப்ப உங்க எக்ஸாமுக்கு வரேன். நியூயார்க்ல கவுண்டிங்களுக்கு கொஸ்டின் பேப்பர பெரும்பாலும் ஸ்டேட் சிவில் சர்வீஸ் டிபார்ட்மென்ட்தான் தயார் பண்ணும். உங்க கவுண்டி போட்ட அனௌன்ஸ்மென்ட்ல "சப்ஜெக்ட்ஸ் ஆஃப் எக்ஸாமினேஷன்"னு ஒரு பகுதி இருக்கும், அதுல என்னென்ன கேப்போம்னு அவங்களே பட்டியல் போட்டிருப்பாங்க. டிஸ்பாட்சர் எக்ஸாம்ல வழக்கமா வர்றது எமர்ஜென்சி கால கேட்டு ஞாபகம் வெச்சு பதில் சொல்றது, கோடிங் டிகோடிங், பேரையும் நம்பரையும் ஒப்பிட்டுப் பாக்கறது, மேப் பாத்து வழி சொல்றது, பத்தியப் படிச்சு பதில் எழுதறது. மொதல்ல உங்க அனௌன்ஸ்மென்ட்ட பிரிண்ட் எடுத்து அந்தப் பகுதிய வட்டம் போடுங்க, மூணு புக்லயும் அதுக்கு சம்பந்தம் இல்லாத சாப்டர அப்படியே ஸ்டேப்ளர் போட்டு மூடிடுங்க. டெஸ்ட் கைடு இருக்குன்னு அனௌன்ஸ்மென்ட்ல போட்டிருந்தா அது ஃப்ரீ, காசு குடுத்து வாங்கின புக்க விட அதுதான் நம்பகமானது.

கேட்டு பதில் சொல்ற பகுதிக்குத்தான் உங்க நேரத்துல பாதிய குடுக்கணும். தினம் ராத்திரி பசங்க தூங்கினப்புறம் வீட்டுக்காரர உக்கார வெச்சு (டென்ஷன்னு சொன்னார் இல்ல, அவருக்கும் ஒரு வேலை குடுங்க) ஒரு போலி கால் பண்ணச் சொல்லுங்க. நல்லா கோர்வையா பேசக் கூடாது, நிஜ கால் அப்படி வராது. "ஐயோ சீக்கிரம் வாங்க, அவன் போயிட்டான், பச்சை ஜாக்கெட், இல்ல ஜாக்கெட் அவ போட்டிருந்தது, அவன் சிவப்பு தொப்பி, வண்டி வெள்ள வேன், என் தம்பி கையில ரத்தம்" இந்த மாதிரி முன்னபின்ன ஒளறணும், நடுவுல ஒரு தடவை சொன்னத மாத்திச் சொல்லணும். ரெண்டு நிமிஷம் கழிச்சு அவர் கேள்வி கேக்கட்டும். ஜாக்கெட் யாரோடது? வேன்ல ஏறினதுன்னு யாராவது சொன்னாங்களா? கடைசி கேள்விய கவனிங்க, யாரும் சொல்லல. ஆனா நீங்க "ஆமா, அவன் வெள்ள வேன்ல போயிட்டான்"னுதான் சொல்லியிருப்பீங்க. எக்ஸாம்ல இந்த மாதிரி இடத்துலதான் மார்க் போகும், வேலையில இந்த மாதிரி இடத்துலதான் போலீஸ் ஒரு அப்பாவி வேன்காரன நிறுத்துவாங்க.

பத்தி படிக்கிற கேள்வியும் இதே குணம்தான். பத்தியில என்ன இருக்கோ அதுலேர்ந்து மட்டும் பதில். அது நிஜத்துல சரியா தப்பான்னு உங்க பொது அறிவ உள்ள கொண்டு வந்தீங்கன்னா தப்பான பதில்லதான் டிக் பண்ணுவீங்க.

பேர், நம்பர் ஒப்பிடறதுல நம்மாளுங்களுக்கு ஒரு சின்ன அட்வான்டேஜ் இருக்கு, நான் சொல்லி யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. இந்த ஊர்ல ஒன்பது வருஷமா பார்மசில, இன்ஷூரன்ஸ்ல, ஸ்கூல்லன்னு எத்தன தடவ உங்க பேர எழுத்தெழுத்தா சொல்லியிருப்பீங்க? எவன் எங்க தப்பு பண்ணுவான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், அந்த இடம் வந்தா குரல் தானா மெதுவாகும். டிஸ்பாட்சர் வேலைக்கு வேண்டியது அந்தக் கண்ணுதான். 4796ம் 4769ம் பக்கத்துல பக்கத்துல வெச்சா முதல் ரெண்டு எண்ணப் பாத்ததுமே மூளை "ஒண்ணுதான்"னு சொல்லிடும், அதனால நான் கடைசியிலேர்ந்து பின்னாடியா படிப்பேன், இன்னைக்கும் லைசென்ஸ் ப்ளேட்ட அப்படித்தான் சரி பாக்கறேன்.

கோடிங் பகுதி வெறும் பொறுமை. ரூல் எல்லாம் பேப்பர்லயே இருக்கும், இந்த ஏரியான்னா இந்த எழுத்து, இந்த மாதிரி சம்பவம்னா இந்த நம்பர்னு. மனசுல போடாம விரல வெச்சு ஒவ்வொண்ணா பாத்து எழுதினா போதும், அவசரப்பட்டவங்கதான் இதுல தோப்பாங்க.

மேப் பத்தி கொஞ்சம் பேசணும். நாம வழி சொல்றது எப்படி, பிள்ளையார் கோயில் தாண்டி ரெண்டாவது லெஃப்ட், டீக்கடை எதிர்ல. இங்க எல்லாமே நார்த் சவுத்துதான், ஆபீசர் ரேடியோல "வெஸ்ட்பவுண்ட்"னு சொன்னா உங்க மண்டைக்குள்ள மேப் திரும்பணும். எனக்கு இது சுத்தமா வரல, அப்புறம்தான் எங்க பாட்டி ஞாபகம் வந்துச்சு, அவங்க வீட்டுக்குள்ளயே "அந்த டம்ளர வடக்கால தள்ளி வை, மேக்கால ஜன்னல சாத்து"ன்னுதான் பேசுவாங்க, லெஃப்ட் ரைட்டே கிடையாது. அதே மாதிரி ஒரு மாசம் வீட்ல பேசிப் பாத்தேன், பசங்க பைத்தியம்னு சிரிச்சாங்க, ஆனா பழகிடுச்சு. நீங்களும் கார்ல போறப்ப வாய் விட்டு சொல்லிட்டே போங்க, இப்ப கிழக்கால போறேன், ரைட் எடுத்தா தெற்கு. எக்ஸாம்ல ஒன்வே ரோடு இருக்கும், அம்புக்குறிய மீறி குறுக்கு வழியா போற பதில் ஒண்ண ஆசை காட்டவே வெச்சிருப்பாங்க, தொடாதீங்க.

சில கவுண்டியில எழுத்துப் பரிட்சைக்கு அப்புறம் டைப்பிங்கோ, க்ரிட்டிகால்னு ஒரு கம்ப்யூட்டர் டெஸ்ட்டோ வைப்பாங்க, ஹெட்செட்ல ஒருத்தர் பேசிட்டே இருப்பார், நீங்க டைப் பண்ணணும், நடுவுல ஸ்கிரீன்ல வேற ஒண்ணு கேக்கும், அதையும் பாக்கணும். பிபிஓல நாலு வருஷம் இருந்தவங்களுக்கு இது புதுசு இல்ல, கை விட்டுப் போயிருக்கும் அவ்ளோதான். ரேடியோ நியூஸ ஓட விட்டு கேட்டுக்கிட்டே சுருக்கமா டைப் பண்ணுங்க, கீபோர்ட பாக்காம, மேல இருக்கிற நம்பர் வரிசையையும் பாக்காம. எல்லாரும் எழுத்த பழகிட்டு நம்பர விட்டுடறாங்க, ஆனா எங்க வேலையில பாதி நம்பர்தான். (கலிபோர்னியால இருந்து படிக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு வரி. அங்க முறையே வேற, போஸ்ட்னு சொல்ற ஸ்டேட் அமைப்போட டெஸ்ட் இருக்கு, மார்க்க டி-ஸ்கோரா குடுப்பாங்க, 50ங்கறது சராசரி, அதப் பாத்து பாதி மார்க்னு அழ வேண்டாம்.)

ஆக்சென்ட். இதுக்குத்தான் நீங்க ரொம்ப பயந்திருக்கீங்க. எழுத்துப் பரிட்சைக்கு ஆக்சென்ட் கிடையாது, அது மொதல் விஷயம். இன்டர்வியூல, வேலையில, அவங்க பாக்கறது நீங்க அமெரிக்காக்காரி மாதிரி பேசறீங்களான்னு இல்ல, ரேடியோல சொன்னா மழையில நிக்கிற ஆபீசருக்கு ஒரே தடவையில புரியுதான்னுதான். நம்ம ப்ராப்ளம் வேகம், அப்புறம் ஒரு சில எழுத்து. இங்கிலீஷ் B, P ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே "பி"தான் எழுதறோம், பாய் (Boy)ங்கற வார்த்தைக்கு வர்ற பி, பால் (Paul)ங்கற பேருக்கு வர்ற பி, எழுதினா வித்தியாசமே தெரியாது, நாக்குலயும் சில நேரம் தெரியாது. வி, டபிள்யூ ரெண்டும் நமக்கு ஒரே வதான். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி கேக்கவே வேண்டாம். இந்த தொல்லை நமக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் இருக்கறதாலதான் ஆடம், பாய், சார்லஸ், டேவிட்னு ஒரு போலீஸ் எழுத்து வரிசையே வெச்சிருக்காங்க. பாய்னா ஒரு பி, பால்னா இன்னொரு பி, டேவிட்னா டி, டாம்னா இன்னொரு டி, விக்டர், வில்லியம். முழுசா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, முன்னாடி போற கார் ப்ளேட்ட எல்லாம் அதுல படிங்க. ஃபிஃப்டீன்னு வந்தா "ஒன் ஃபைவ்"னு பிரிச்சு சொல்லுங்க, எங்க ரூம்ல இங்கயே பொறந்து வளர்ந்தவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. எல்லாரும் என்கிட்ட கேப்பாங்க, தமிழ்ல கால் வந்திருக்கான்னு. பதினாலு வருஷத்துல ஒண்ணு கூட வந்ததில்ல.

அடுத்தது, பாஸ் பண்ணினவங்கள மார்க்படி அடுக்கற லிஸ்ட் விஷயம், இத யாரும் ஒழுங்கா சொல்லித் தர்றதில்ல. சிவில் சர்வீஸ் எக்ஸாம் வந்ததே சிபாரிசுல வேலை போடறத தடுக்கத்தான், 1883ல ஃபெடரல் சட்டம் வந்த அதே வருஷம் நியூயார்க்கும் சட்டம் போட்டுச்சு, ஸ்டேட்டுங்கள்ல இதுதான் மொதல்ல. 70 எடுத்தா பாஸ். ஆனா 70 எடுத்தவங்க வீட்லயே இருப்பாங்க, ஏன்னா "ரூல் ஆஃப் த்ரீ"ன்னு ஒண்ணு இருக்கு, வேலைக்கு வரத் தயாரா இருக்கறவங்கள்ல மார்க்படி மேல இருக்கிற மூணு பேருக்குள்ளதான் அவங்க ஆள எடுக்கணும். ராணுவத்துல இருந்தவங்களுக்கு மேல கொஞ்சம் பாயின்ட் சேரும், சும்மா இல்ல, பாஸ் பண்ணியிருந்தாதான், சாதாரணமா அஞ்சு, சேவையில உடல் ஊனம் ஆனவங்களுக்கு பத்து. அதனால 78 எடுத்துட்டு பாஸ்னு ஸ்வீட் குடுக்காதீங்க, 90க்கு மேல குறி வைங்க. இன்னொரு பக்கம், 85 எடுத்துட்டு போச்சுன்னும் உக்காராதீங்க, லிஸ்ட் குறைஞ்சது ஒரு வருஷம், அதிகபட்சம் நாலு வருஷம் உயிரோட இருக்கும், மேல இருக்கறவங்க நைட் ஷிப்ட்னு கேட்டதும் வேண்டாம்னு போவாங்க, நீங்க மேல ஏறுவீங்க. நடுவுல "விருப்பமா"ன்னு கேட்டு கேன்வஸ் லெட்டர் வரும், அதுக்கு குறிப்பிட்ட தேதிக்குள்ள பதில் போடலேன்னா உங்கள ஓரம் கட்டிடுவாங்க. வீடு மாறினா சிவில் சர்வீஸ் ஆபீசுக்கு எழுதிச் சொல்லணும், போஸ்ட் ஆபீஸ்ல மட்டும் மாத்தினா பத்தாது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி ரெண்டாவது ரேங்க்ல இருந்து இப்படித்தான் கோட்ட விட்டா.

வீட்டுக்காரர் சொல்ற கிளார்க் எக்ஸாமையும் எழுதுங்க, என்ன போச்சு, ஃபீஸ் இருந்தா தனியா கட்டணும் அவ்ளோதான். ஆனா அவர்கிட்ட ஒரு விஷயம் இப்பவே தெளிவா பேசிடுங்க. இந்த வேலையில தாங்க்ஸ்கிவிங் கிடையாது, தீபாவளி கிடையாது, ஸ்னோ கொட்டற அன்னைக்கு ஊரே லீவு விடும், நீங்க மட்டும் போகணும், அடுத்த ஷிப்ட் ஆள் வரலேன்னா கட்டாய ஓவர்டைம். பசங்கள யார் ஸ்கூல் பஸ்ல ஏத்தறதுங்கற கேள்விக்கு வீட்ல பதில் இல்லாம வேலைக்கு வந்தவங்க ஆறு மாசத்துல போயிடறத பாத்திருக்கேன், போன்ல கேக்கறத தாங்காம போனவங்க அவ்ளோ பேர் இல்ல.

அழுதுடுவேனோன்னு கேட்டீங்க. அழுவீங்க. ஆனா போன்ல பேசிட்டிருக்கும்போது இல்ல. அப்ப கைக்கு வேலை இருக்கும். ஒருத்தரோட மூச்சு நின்னுடுச்சுன்னா ஸ்கிரீன்ல என்ன சொல்லணும்னு ப்ரோட்டோகால் வரும், நீங்க எதிர்ல இருக்கறவங்க மார்ப அமுக்கறதுக்கு தாளம் போடணும், ஒன், டூ, த்ரீ, ஃபோர், நிமிஷத்துக்கு நூறுலேர்ந்து நூத்தி இருபது, ஆம்புலன்ஸ் ஆளு உள்ள வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் எண்ணிட்டே இருக்கணும். எண்ணும்போது அழுகை வராது, என் அனுபவத்துல. அப்புறம் லைன் கட் ஆகும், என்ன ஆச்சுன்னு பெரும்பாலும் தெரியாமலே போயிடும், அதுதான் எனக்கு இன்னைக்கும் பழகாத விஷயம், சாவு இல்ல. கார்ல வந்து உக்காந்தப்புறம் அழுதிருக்கேன். இதுக்கு இப்ப முடிவு எடுக்க வேண்டாம், பல சென்டர்ல ஒரு சில மணி நேரம் பக்கத்துல உக்காந்து கேக்க விடுவாங்க, சிட்-அலாங்னு சொல்லுவாங்க, உங்க கவுண்டிக்கு போன் பண்ணி கேளுங்க. 911க்கு இல்ல, ஆபீஸ் நம்பருக்கு. சிரிக்காதீங்க, அப்படி பண்ணவங்க இருக்காங்க.

அப்ளிகேஷன் ஃபார்ம்ல பிபிஓ அனுபவத்த "கஸ்டமர் சர்வீஸ்"னு ஒரே வார்த்தையில முடிக்காதீங்க, வாரத்துக்கு எத்தன மணி நேரம், ஹெட்செட்ல கால் எடுத்துக்கிட்டே டேட்டா என்ட்ரி பண்ணீங்களா, கோபமா பேசறவங்கள எப்படி கையாண்டீங்க, எல்லாத்தையும் விரிவா எழுதுங்க, ஏன்னா ஃபார்ம்ல இல்லாதத அவங்க கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. "ரெஸ்யூமே பார்க்கவும்"னு எழுதிட்டு விடறது இங்க செல்லாது. காலேஜ் படிப்ப காட்டறதா இருந்தா அது இந்திய டிகிரிங்கறதால இவாலுவேஷன் (அது இங்கத்த படிப்புல எதுக்கு சமம்னு ஒரு மதிப்பீடு) கேப்பாங்க, அதுக்கு வாரக்கணக்கா ஆகும்.

அதச் சொல்லும்போதுதான் உங்க லெட்டர மறுபடி எடுத்துப் பாத்தேன். எக்ஸாமுக்கு ஒன்பது வாரம்னு இருக்கு, மூணு புக் வாங்கினது இருக்கு, வீட்டுக்காரர் சொன்னது இருக்கு. அப்ளை பண்ணிட்டேன்னு எங்கயுமே இல்ல. அப்ளிகேஷனோட கடைசி தேதி எக்ஸாமுக்கு பல வாரம் முன்னாடியே முடிஞ்சிடும், எக்ஸாம் அன்னைக்கு வரைக்கும் அப்ளை பண்ணலாம்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருப்பாங்க. அனௌன்ஸ்மென்ட்ல முதல் பக்கத்துலயே தேதி போட்டிருக்கும், மத்தத எல்லாம் அப்புறம் பாக்கலாம், இத இப்பவே எடுத்துப் பாருங்கம்மா.